ஐப்பசி அடைமழைக்கு ஏற்ற டயரும் ரிம்மும்

டொராண்டோவிலும் ஆஸ்லோவிலும் இருக்கும் நம் சொந்தக்காரர்கள் ஐப்பசி பிறந்துவிட்டால் காருக்கு டயர் மாற்றக் கிளம்பிவிடுவார்கள். அங்கே வரப்போவது பனி. விருத்தாசலத்தில் அதே மாதத்தில் வடகிழக்குப் பருவமழை இறங்குகிறது. மணிமுத்தாற்றில் தண்ணீர் வருகிறது, சாலையில் பள்ளம் விழுகிறது. பருவத்துக்குத் தக்கபடி சக்கரத்தை மாற்றும் பழக்கம் நம்மிடம் இல்லை. ஆனால் பனிநாட்டுக்காரர்கள் தங்கள் வேகக் கார்களுக்குச் செய்யும் ஒரு காரியம் நம் ஊர் மழைக்கும் அப்படியே பொருந்துகிறது: கெட்ட பருவத்தில் அவர்கள் ரிம்மைச் சிறிதாக்குகிறார்கள். நம் பிள்ளைகளோ கார் வாங்கிய மறுமாதமே ரிம்மைப் பெரிதாக்குகிறார்கள். இந்தக் குறிப்புகள் அந்தப் பிள்ளைகளுக்கும், அவர்களுக்குப் பணம் கொடுக்கிற பெற்றோருக்கும்.

1. முதலில், குளிர்கால டயர் என்று தனியாக விற்பது நமக்குத் தேவையில்லை. அதன் ரப்பர் ஏறக்குறைய 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழேயும் இறுகாமல் இருப்பதற்காகக் கலக்கப்பட்டது. நம் ஊரில் மார்கழி விடியலில்கூட அந்தக் குளிர் வருவதில்லை. அப்படிப்பட்ட டயரைச் சித்திரை வெயிலில் ஓட்டினால் வேகமாகத் தேயும். பிரேக் போட்டால் நெளியும். பக்கச் சுவரில் மூன்று சிகரம் கொண்ட மலையும் அதற்குள் பனிப்பூவும் பொறித்திருந்தால் அது குளிர்கால டயர், அல்லது பனிக்கும் தகுதி பெற்ற எல்லாப் பருவ டயர். ஜெர்மனியில் 2024 அக்டோபர் முதல் பனிச்சாலையில் இந்தக் குறி உள்ள டயர் மட்டுமே செல்லும். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் கட்டாயம். பழைய டயர் விற்கும் இடத்தில் இந்தக் குறி கண்ணில் பட்டால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் தள்ளி வையுங்கள். ஊட்டிக்கு உறைபனி பார்க்கப் போகிறவர்களுக்கும் இது வேண்டாம். மணாலி, குல்மார்க் வரை ஓட்டிப் போகிற ஆசை இருந்தால் அங்கேயே டயரில் மாட்டும் சங்கிலி வாடகைக்குக் கிடைக்கும்.

2. நமக்குத் தேவை மழை டயர். அதற்கு முதல் படி ரிம்மின் அளவு. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐ20, பலேனோ போன்ற கார்களின் மேல்வகைகளில் 195/55 ஆர்16 டயர் வரும். கீழ்வகைகளில் 185/65 ஆர்15 வரும். முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது எண், அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச் சுவரின் உயரம் என்பது. கடைசி எண் ரிம்மின் விட்டம், அங்குலத்தில்.

16 அங்குல ரிம் 406.4 மி.மீ. அதன் மேலும் கீழும் 107 மி.மீ. வீதம் ரப்பர். மொத்தம் சுமார் 621 மி.மீ. 15 அங்குல ரிம் 381 மி.மீ. மேலும் கீழும் 120 மி.மீ. ரப்பர். இதுவும் சுமார் 621 மி.மீ. அதாவது சக்கரத்தின் முழு உயரம் மாறவில்லை. ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. கியர் இழுவையும் மாறாது. மாறியது ஒன்றுதான்: ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே 13 மி.மீ. ரப்பரும் காற்றும் கூடியிருக்கிறது. தண்ணீர் மூடிய பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது அந்த 13 மில்லிமீட்டர்தான் ரிம்மின் உதட்டைக் காப்பாற்றும்.

இப்போது எதிர்த்திசையில் பாருங்கள். அதே காருக்கு ஆசைப்பட்டு 215/45 ஆர்17 போடுகிறார்கள். முழு உயரம் 625 மி.மீ., பெரிய வித்தியாசமில்லை. ஆனால் பக்கச் சுவர் 97 மில்லிமீட்டராகச் சுருங்கிவிட்டது. கல்யாண வீட்டு வாசலில் நிற்கும்போது அழகுதான், மறுக்கவில்லை. கார்த்திகை இரவில் உளுந்தூர்ப்பேட்டையிலிருந்து மழையில் திரும்பும்போது அந்த அழகை யாரும் பார்க்கப் போவதில்லை.

3. உங்கள் மாடலின் கீழ்வகைக்குக் கம்பெனி கொடுத்த அளவை மட்டுமே தேடுங்கள். அது கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ இருக்கும். கம்பெனி கொடுக்காத அளவுக்குப் போனால் இன்சூரன்ஸ்காரர் கேள்வி கேட்க இடம் கிடைக்கிறது. காரைத் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து மாற்றுவது பற்றி உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் கண்டிப்பான தீர்ப்பு ஒன்று தந்திருப்பதையும் நினைவில் வையுங்கள். மட்கார்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சக்கரம் போலீஸ்காரர் கண்ணுக்குத்தான் முதலில் தெரியும். மழையில் பின்னால் வருபவர் முகத்தில் சேறும் அடிக்கும்.

4. சிறிய ரிம் எல்லா வேகக் காருக்கும் ஏறாது. கூடுதல் சக்தி உள்ள வகைகளுக்குப் பெரிய பிரேக் டிஸ்க்கும் அதைக் கவ்விப் பிடிக்கும் பருத்த கேலிப்பரும் கொடுத்திருப்பார்கள். சாதாரண வகையின் 15 அங்குல ரிம்மை மாட்டினால் கேலிப்பரில் உரசும். ஒரே அங்குல அளவில் ரிம்மின் உட்புற வடிவமும் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. ஆகவே பணம் கொடுப்பதற்கு முன் டயர் இல்லாத வெறும் ரிம்மை முன்சக்கரத்தில் மாட்டி, நட்டு முறுக்கி, கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பாருங்கள். ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்தும் சுற்றுங்கள். இடைவெளி ஒரு விரல் நுழையும் அளவுக்காவது இருக்கட்டும். கடைக்காரர் "அதெல்லாம் ஏறும் சார்" என்பார். ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

5. ரிம் வாங்கும்போது நான்கு அளவு பொருந்த வேண்டும். போல்ட் ஓட்டைகளின் எண்ணிக்கையும் அவை அமைந்த வட்டத்தின் விட்டமும் ஒன்று: ஐ20, பலேனோ இரண்டுக்கும் நான்கு ஓட்டை, 100 மி.மீ.; போலோவுக்கு ஐந்து ஓட்டை, 100 மி.மீ. இரண்டாவது ஆஃப்செட், அதாவது ரிம் எவ்வளவு உள்ளே தள்ளி உட்காருகிறது என்பது. மூன்றாவது அகலம். நான்காவது பலர் பார்க்காதது: நடு ஓட்டை. வெளிக்கடை அலாய்கள் பல கார்களுக்கும் பொருந்துவதற்காக நடு ஓட்டையைப் பெரிதாகவே வைத்திருப்பார்கள். நடு ஓட்டைக்குள் நுழையும் ஹப்பில் இறுகி உட்காராமல் நட்டுகளின் பலத்தில் மட்டும் நிற்கும் சக்கரம், 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் ஸ்டீயரிங்கில் நடுங்கும். இடைவெளியை நிரப்ப ஹப் ரிங் என்று ஒரு சிறிய வளையம் வரும். கேட்டு வாங்குங்கள். பேலன்சிங் நான்கு தரம் செய்தும் நிற்காத நடுக்கம் இந்த வளையத்தில் நின்றதுண்டு.

6. அலாய் வேண்டுமா, இரும்பு ரிம் போதுமா? மழை மாதங்களுக்கு மட்டும் என்றால் என் ஓட்டு இரும்புக்கு. பள்ளத்தில் அடிபட்டால் இரும்பு நெளியும், தட்டி நிமிர்த்தலாம். அலாய் சில சமயம் நெளியும், சில சமயம் விரியும். விரிசலை வெல்டிங் வைத்துச் சரிசெய்து தருகிறேன் என்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். வெல்டிங் சூடு பட்ட இடத்தைச் சுற்றி அந்த உலோகம் தன் பலத்தை இழந்திருக்கும். பழைய அலாய் வாங்கினால் உட்பக்க உதட்டில் விரலை வைத்துச் சுற்றிலும் தடவிப் பாருங்கள். புதிதாகப் பெயின்ட் அடித்த இடம் தனியாகத் தெரிந்தால் அங்கேதான் கதை இருக்கிறது. புது அலாய் என்றால் ஜேடபிள்யூஎல் என்ற ஜப்பானியத் தர முத்திரை வார்ப்பிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டிக்கராக ஒட்டியிருந்தால் நம்ப வேண்டாம்.

7. அகல டயர் நன்றாகப் பிடிக்கும் என்பது காய்ந்த ரோட்டில் பாதி உண்மை. தேங்கிய தண்ணீரில் நேர்மாறு. அகலம் கூடக் கூட டயர் தள்ளிவிட வேண்டிய தண்ணீரும் கூடுகிறது. தள்ள முடியாதபோது டயர் தண்ணீர்மேல் ஏறி மிதக்கிறது. ஸ்டீயரிங் திடீரென்று இலேசாகிவிடும், பிரேக் கேட்காது. பனிநாட்டில் ஒல்லியான டயரைத் தேர்ந்தெடுப்பதும் இதே காரணத்துக்காகத்தான்: இளம்பனியைக் கிழித்துக்கொண்டு அடியில் உள்ள ரோட்டைத் தொட.

8. காற்றழுத்தத்தை இந்த மிதப்போடு சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும். நாசா ஆய்வாளர்கள் 1960-களில் விமான டயர்களை வைத்துக் கண்ட ஒரு எளிய கணக்கு உண்டு. டயரில் உள்ள காற்று எத்தனை பி.எஸ்.ஐ. என்பதன் வர்க்கமூலத்தை ஏறக்குறைய 16.6-ஆல் பெருக்கினால், ஆழமான தண்ணீரில் டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் கிலோமீட்டரில் வரும். 33 பி.எஸ்.ஐ. இருந்தால் சுமார் 95. காற்று இறங்கி 25 ஆகிவிட்டால் சுமார் 83. தேய்ந்த டயருக்கு இது நன்றாகவே பொருந்தும். நல்ல வரிப்பள்ளம் இருந்தால் இன்னும் கொஞ்சம் தாங்கும்.

மழைக்குக் காற்றைக் குறைத்துவிட்டால் பிடிப்பு கூடும் என்று ஒரு நம்பிக்கை டீக்கடை பெஞ்சு வரை பரவியிருக்கிறது. மணலில் சிக்கிய ஜீப்புக்கு அது சரி. தார் ரோட்டுக் காருக்கு அது ஆபத்து. கம்பெனி சொன்ன அளவை, காலையில் வண்டி எடுப்பதற்கு முன், டயர் ஆறியிருக்கும்போது பிடியுங்கள். ஐந்தாறு டிகிரி குளிர்ந்தால் ஏறக்குறைய ஒரு பி.எஸ்.ஐ. இறங்கும். புரட்டாசி வெயிலில் பிடித்த காற்று கார்த்திகை அடைமழையில் தானாகவே குறைந்திருக்கும். நைட்ரஜன் இலவசமாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். காசு கேட்டால் யோசியுங்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான்.

9. இனி ரப்பர். பீங்கான் தொழில் நடக்கும் விருத்தாசலத்துக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். தொழிற்பேட்டையில் ஃபியூஸ் கட்டையோ பொம்மையோ செய்ய வெள்ளைக் களிமண்ணோடு ஃபெல்ட்ஸ்பாரும் குவார்ட்ஸும் சேர்க்கிறோம். குவார்ட்ஸ் என்பது சிலிகா. அதே சிலிகாதான் மழை டயரின் உயிர். மணலைச் சோடாவோடு சேர்த்து உருக்கிச் சோடியம் சிலிகேட் ஆக்கி, அமிலம் விட்டு, மாவை விட நுண்ணிய வெள்ளைப் பொடியாகப் படியவைத்து ரப்பரில் கலக்கிறார்கள். முன்பு டயருக்குக் கரித்தூள் மட்டும்தான். 1992-இல் மிஷ்லின் கம்பெனி சிலிகா கலந்த கார் டயரை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகு நிலைமை மாறியது. ஈர ரோட்டில் பிடிப்பைக் கூட்டிக்கொண்டே, உருளும்போது வீணாகும் சக்தியையும் குறைத்தது அது. அதற்கு முன் இரண்டில் ஒன்றைத்தான் கேட்க முடியும்.

ஆகவே கடையில் கேட்க வேண்டிய கேள்வி "எத்தனை கிலோமீட்டர் ஓடும்?" என்பது மட்டுமல்ல. நெடுநாள் உழைக்கும் கடினமான ரப்பர் ஈரத்தில் வழுக்கத் தயங்காது. டாக்ஸிக்கு அது லாபம். வேகமாக ஓட்டுகிறவருக்கு அல்ல. "சிலிகா கலவையா? ஈரப்பிடிப்பு எப்படி?" என்று கேளுங்கள். ஐரோப்பாவுக்கும் ஏற்றுமதியாகும் மாடல் என்றால் அங்கே ஏ முதல் இ வரை ஈரப்பிடிப்புக்குத் தனி மதிப்பெண் இருக்கும், போனிலேயே பார்த்துவிடலாம். நம் நாட்டில் டயருக்கு ஒட்டும் நட்சத்திரம் முக்கியமாக எரிபொருள் சிக்கனத்தைப் பற்றியது. ஐந்து நட்சத்திரம் என்றால் மழையில் ஐந்து மடங்கு பிடிக்கும் என்று அர்த்தமில்லை. ஈரப்பிடிப்புக்குக் குறைந்தபட்ச அளவு ஒன்றை அரசு 2022-இல் அறிவித்தது. அந்த வாசலைத் தாண்டிய டயர்களுக்குள்ளும் நல்லது, சுமார் உண்டு.

10. ஒரு கிளைக்குறிப்பு: செராமிக் பிரேக் பேட், செராமிக் கோட்டிங் என்று விற்பதற்கும் நம் ஊர்ச் சூளைக்கும் சம்பந்தம் தேட வேண்டாம். ரிம்முக்குக் கோட்டிங் போட்டால் சேறு சுலபமாகக் கழுவப்படும், அவ்வளவுதான். டயருக்குப் பிடிப்பு கூடாது. டயரின் மேற்பரப்பில் பளபளப்புத் திரவம் தடவுகிறவர்கள் ரோட்டில் படும் பகுதியில் அது படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சர்வீஸ் ஸ்டேஷன் பையன்கள் தாராளமாகவே தெளிப்பார்கள்.

11. பக்கச் சுவரைப் படிக்கத் தெரிந்தால் பாதி ஏமாற்றம் குறையும். நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 3225 என்றால் 2025-ஆம் வருடத்தின் 32-ஆவது வாரத்தில் செய்தது. ஒரு வருடத்துக்கு உட்பட்டதாகப் பார்த்து வாங்குங்கள். நான்கு டயரிலும் தேதியைப் பாருங்கள், ஒன்றில் மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். அளவுக்குப் பக்கத்தில் 87வி என்று இருந்தால் ஒரு டயர் 545 கிலோ தாங்கும், மணிக்கு 240 கிலோமீட்டர் வரை தகுதி. எச் என்றால் 210, டி என்றால் 190. அந்த வேகத்தில் போகச் சொல்லவில்லை. ஆனால் கம்பெனி கொடுத்ததை விடக் குறைந்த எழுத்து வாங்கக் கூடாது. சூடு தாங்கும் தகுதி அதில் அடங்கியிருக்கிறது. ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐஎஸ் 15633 என்ற எண்ணும் கார் டயருக்குக் கட்டாயம்.

12. வரிப்பள்ளத்தின் ஆழம் சட்டப்படி 1.6 மி.மீ. இருந்தால் போதும். பள்ளத்துக்குள் குறுக்கே சிறு மேடுகள் இருக்கும்; ரப்பர் அந்த மேட்டளவுக்குத் தேய்ந்தால் 1.6 வந்துவிட்டது. அது கோடைக்கான கணக்கு. மழை மாதங்களில் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுங்கள். புது டயரில் ஏறக்குறைய 7, 8 மி.மீ. இருக்கும், அது பாதிக்குக் கீழே போனதுமே தண்ணீரைத் தள்ளும் திறன் மளமளவென்று இறங்கும்.

13. இரண்டு டயர்தான் மாற்றக் காசு இருக்கிறதென்றால், புதியவை பின்சக்கரத்துக்குப் போகட்டும். இதைக் கேட்டதும் கடையில் எல்லோரும் நம்மை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். "எஞ்சின் இழுப்பது முன்சக்கரம் சார், புதுசை அங்கே போடுவோம்" என்பார்கள். மழையில் முன்சக்கரம் வழுக்கினால் கார் நேரே போகும். ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் திரும்பப் பிடித்துக்கொள்ளும். பின்சக்கரம் வழுக்கினால் வண்டி சுழலும். அதைத் திருத்த நம்மில் பலருக்குக் கை வராது. இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் பழகியவர்களுக்கு வேண்டுமானால் விதிவிலக்கு. தேய்ந்தது முன்னால் போனால் சீக்கிரம் தேயும், அதை அடுத்து மாற்றிக்கொள்ளலாம். மொட்டையாகிவிட்டதென்றால் முன்னாலும் வேண்டாம், பின்னாலும் வேண்டாம்.

14. டயரில் அம்புக்குறி போட்டிருந்தால் அது உருள வேண்டிய திசை. திருப்பி மாட்டினால் தண்ணீரை வெளியே தள்ள வேண்டிய வரிகள் உள்ளே இழுக்கும். அவசரத்தில் இதை மாற்றி மாட்டுவது சர்வசாதாரணம். சில டயரில் அம்பு இருக்காது, "அவுட்சைடு" என்று எழுதியிருக்கும். அந்த முகம் வெளியே தெரிய வேண்டும். நான்கு சக்கரத்தையும் ஒரு நடை சுற்றிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

15. மாட்டும்போது நட்டைக் கையால் இரண்டு மூன்று சுற்று ஏற்றிவிட்டுத்தான் மெஷினை வைக்க வேண்டும். கடைசி முறுக்கு டார்க் ரெஞ்சில். கம்பெனி ரிம்முக்கு வந்த நட்டு வெளி ரிம்முக்குப் பொருந்தும் என்று நினைக்காதீர்கள். சிலவற்றின் உட்காரும் பகுதி கூம்பு, சிலவற்றில் குண்டு. ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை திரும்ப முறுக்குங்கள். வீல் அலைன்மென்ட், பேலன்சிங் இரண்டையும் அன்றே முடித்துவிடுங்கள்.

16. இனி நம் பக்கத்து ரோடுகள். நெய்வேலிப் பக்கம் லாரி சக்கரங்களோடு வரும் களிமண் தார் மேல் ஒட்டிக்கொள்கிறது. மழைத்தூறல் பட்டதும் அது சோப்பு மாதிரி ஆகிவிடும். பெருமழை கழுவிவிடும், ஆபத்து முதல் தூறலில்தான். வாரக்கணக்கில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் அப்போதுதான் மேலே மிதக்கும். எந்தச் சிலிகா டயரும் அந்தக் குழம்பில் அரை மனதாகத்தான் பிடிக்கும்.

சேத்தியாத்தோப்பு எம்.ஆர்.கே. கூட்டுறவுச் சர்க்கரை ஆலையில் அரவை தொடங்கிவிட்டால் கரும்பு வண்டிகளும் சோகையும் சேறும் ரோட்டில் இருக்கும். சாலையில் விழுந்து நசுங்கிய கரும்பின் மேல் ஈரம் பட்டால் வழுக்கும். வண்டிகளுக்குப் பின்விளக்கும் இருக்காது. தை, மாசியில் நெல்லும் உளுந்தும் ரோட்டிலேயே காய்வதைப் பார்க்கலாம். தானியம் டயருக்கு அடியில் உருளைக்குண்டு போல ஓடும். அதன் மேல் பிரேக்கும் போடக் கூடாது, ஸ்டீயரிங்கும் ஒடிக்கக் கூடாது, வருவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். காய்ந்த தாளும் சோகையும் அடியில் சிக்கிச் சைலன்சர் சூட்டில் பற்றுவதும் உண்டு. அகலமான, தாழ்ந்த கார்களுக்கு இந்தத் தொல்லை கூடுதல்.

ரயில்வே சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால், எதிரே வரும் காரின் சக்கரம் எவ்வளவு முழுகுகிறது என்று பார்த்துவிட்டுப் போங்கள். சக்கரத்தின் மையத்துக்கு மேல் என்றால் சுற்றிப் போவதே மேல். கடந்த பிறகு பிரேக்கை மெல்ல நாலைந்து தடவை அழுத்தி உலர்த்துங்கள்.

2024 நவம்பர் 30 இரவில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோதும், 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூரை அடித்தபோதும் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: காரை எடுக்காமல் இருப்பது. அதற்கு எந்த அளவு ரிம்மும் உதவாது.

17. ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி, கொல்லிமலைக்கு 70. மழையில் இந்த வளைவுகளில் ஏறி இறங்குகிற திட்டம் இருந்தால் பக்கச் சுவர் உயரமான டயர் சற்று அசைவது தெரியும். கம்பெனி சொன்ன அளவுக்கு இரண்டு பி.எஸ்.ஐ.-க்குள் கூட்டிக்கொண்டால் அந்த அசைவு குறையும். டயரில் எழுதியிருக்கும் உச்ச அளவு வேறு, காருக்கு உரிய அளவு வேறு. முதலாவதைப் பார்த்துப் பிடிக்காதீர்கள்.

18. ஸ்டெப்னியை மறந்துவிடுகிறோம். அலாய் மாட்டிய கார்களில் ஸ்டெப்னி பெரும்பாலும் இரும்பு. அலாய்க்கு வாங்கிய நட்டு அதில் உட்காருமா என்று வீட்டு வாசலில் வைத்து ஒருமுறை மாட்டிப் பாருங்கள். நடுராத்திரி தொழுதூர் ரோட்டில் தெரிந்துகொள்வதை விட அது நல்லது. 2020 அக்டோபர் முதல் டியூப்லெஸ் டயரும், காற்றழுத்த எச்சரிக்கையும், பஞ்சர் கிட்டும் கொடுத்தால் ஸ்டெப்னி இல்லாமலே கார் விற்கலாம் என்று விதி மாறிவிட்டது. கிட்டில் உள்ள பசை ஆணிக்குத்துக்குச் சரி. பள்ளத்தில் வெடித்த பக்கச் சுவருக்கு ஒன்றும் செய்யாது.

19. பஞ்சருக்குக் கயிறு செருகுவது வீடு வந்து சேரத்தான். வேகமாக ஓட்டும் காருக்கு டயரைக் கழற்றி உள்ளே இருந்து காளான் வடிவப் பேட்ச் வைக்கச் சொல்லுங்கள். பக்கச் சுவரில் ஓட்டை என்றால் டயரை மாற்றிவிடுங்கள். எல்லா டயரும் நன்றாக இருந்தும் வாரா வாரம் ஒன்றில் மட்டும் காற்று இறங்கினால் அலாயின் உதட்டில் உப்பு பூத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கடலூர்க் கடற்கரைப் பக்கம் அடிக்கடி போகும் கார்களில் இது சகஜம். தேய்த்துச் சுத்தம் செய்து திரும்ப மாட்டினால் நின்றுவிடும்.

20. எப்போது வாங்குவது? பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். ஆயுத பூஜைக் கூட்டத்துக்கு முன்பே, புரட்டாசியிலேயே முடித்துவிடுங்கள். புது டயர் முதல் இருநூறு, முந்நூறு கிலோமீட்டருக்குச் சற்று வழுக்கும். அச்சிலிருந்து எடுக்கப் பூசிய பொருள் மேலே ஒட்டியிருக்கும். அதைக் காய்ந்த ரோட்டில் தேய்த்துப் போக்கிவிட்டு மழையைச் சந்திப்பது நல்லது. 2025 செப்டம்பர் 22 முதல் கார் டயருக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பழைய விலைப்பட்டியலைக் காட்டினால் பில்லைக் கேளுங்கள். மழைக்கு ஒன்று, மற்ற மாதங்களுக்கு ஒன்று என்று இரண்டு செட் ரிம் வாங்குவது ஆடம்பரமாகத் தோன்றும். இரண்டு செட்டும் மாறி மாறி ஓடுவதால் ஒவ்வொன்றும் கூடுதல் நாள் வரும். வளைந்த அலாய்க்கு ஆகும் செலவும் மிச்சம். ஆனால் டயருக்கு வயது உண்டு. ஆறு வருடத்துக்கு மேல் ஆனால் ஓடாவிட்டாலும் வெடிப்பு விழத் தொடங்கும். வருடம் ஐயாயிரம் கிலோமீட்டர்கூட ஓட்டாதவர் இரண்டு செட் வைத்துக்கொள்ள வேண்டாம். சிறிய ரிம்மையே வருடம் முழுக்க வைத்துக்கொள்ளலாம்.

21. கழற்றிய பெரிய சக்கரங்களைக் கழுவி, நன்றாகத் துடைத்து, எந்தச் சக்கரம் எந்தப் பக்கம் என்று சாக்பீஸால் எழுதி வையுங்கள். ரிம்மோடு இருந்தால் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கலாம். ரிம் இல்லாத டயரை நிமிர்த்தி வைத்து மாதம் ஒருமுறை கொஞ்சம் உருட்டி வைக்க வேண்டும். வெயில் படாத இடம், இன்வெர்ட்டரும் தண்ணீர் மோட்டாரும் இல்லாத இடம் நல்லது. மோட்டாரில் உண்டாகும் ஓசோன் ரப்பரை வெடிக்கச் செய்யும்.

மொட்டை மாடியில் மட்டும் போடாதீர்கள். டயருக்குள் தேங்கும் ஒரு டம்ளர் மழைத்தண்ணீர் போதும், டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட. நகராட்சி ஆட்கள் வீடு வீடாக வரும்போது முதலில் தேடுவதும் டயரைத்தான். வைக்க இடமே இல்லையென்றால் தார்ப்பாயால் சுற்றி இறுக்கிக் கட்டிவிடுங்கள்.

22. ஓட்டவே முடியாத பழைய டயரைப் புது டயர் வாங்கும் கடையிலேயே கொடுத்துவிடுங்கள்; கொஞ்சம் கழிவும் தருவார்கள். போகிக்குக் கொளுத்த எடுத்துவைக்க வேண்டாம். கார் டயரை ரீட்ரெட் செய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால், லாரிக்கு நல்லது என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.